ஏழாவது வயர்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் சொல்ல அவனிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. கதவைத் தொடாதீங்க. கீழ உட்காருங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.

உள்ளே இருப்பவர்கள் கேட்பதில்லை. எல்லாப் பொத்தான்களையும் அழுத்துவார்கள். கதவிடுக்கில் வீட்டுச் சாவியைக் கொடுத்து நெம்புவார்கள். உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஒருவர் கதவைக் கையாலேயே பிளந்து இடுப்புவரை வெளியே வந்துவிட்டார். அவன் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கால்கள் ஆறு மாடி ஆழத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தன. இறக்கி உட்கார வைத்ததும், "நானே வந்திருப்பேன், நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்றார்.

"மாட்டிக்கிட்டு யாரும் சாகறதில்ல. தானா வெளிய வரப் பார்த்துத்தான் சாகறாங்க" என்று அன்று மனைவியிடம் சொன்னான். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்.

"பரீட்சையிலயும் அப்படித்தான். பசங்க தெரியாத கேள்வியை விட்டுத் தொலைச்சா பாஸ் ஆயிடுவாங்க" என்றாள் அவள்.

இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்தான். அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். கறையில்லாத கையோடு வீட்டுக்கு வரும் பிழைப்பு மகனுக்கு அமைய வேண்டுமென்று அவருக்கு ஆசை. லிஃப்ட் வேலையிலும் கிரீஸ் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு கட்டடத்தின் முதுகெலும்புக்குள் ஏறி இறங்குவது. மேலே நின்று பார்த்தால் கம்பி வடங்கள் இருட்டுக்குள் நேர்கோடாகப் போகும். எதிலும் ஒளிவுமறைவு கிடையாது. ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

லிஃப்டின் ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறிய காண்டாக்ட் இருக்கிறது. கதவு முழுவதுமாக மூடினால்தான் அது சேரும். சேர்ந்தால்தான் பெட்டி நகரும். கதவில் கோளாறு வந்தால் எந்தக் காண்டாக்ட் என்று கண்டுபிடிப்பதற்காகப் பானலில் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்ப்பார்கள். இரு நுனியிலும் கிளிப் வைத்த, ஒரு முழ நீளச் சிவப்பு வயர். அதற்கு ஜம்பர் என்று பெயர். ஜம்பர் போட்டிருக்கும்வரை திறந்த கதவையும் மூடிய கதவு என்றே லிஃப்ட் நம்பும். அதனால் வேலை முடிந்து கிளம்பும் முன் பையிலுள்ள ஜம்பர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஏழு.

அவனுக்கு முப்பத்தைந்து வயதானபோது ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் கதவு சரியாக மூடவில்லை என்று அழைத்தார்கள். கடைசி மாடியில், லிஃப்ட் கதவை ஒட்டிய சுவரில் பானல் இருந்தது. ஜம்பர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தி கர்ப்பிணி. பானலைச் சாத்திவிட்டு ஓடினான். எண்ணவில்லை.

சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது கை தானாகப் பைக்குள் போனது. ஆறு. மறுபடி எண்ணினான். ஆறு. வண்டியைத் திருப்பினான்.

படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தபோது மேலே சத்தம் கேட்டது.

நான்காம் மாடியில் பல் செட் செய்கிற கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண் ஒருத்தி, பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கிய தட்டோடு லிஃப்டுக்குள் இடது காலை வைத்திருக்கிறாள். கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தபோதே பெட்டி இறங்கிவிட்டது. அது ஓரடி இறங்கி நின்றதும் கூடத்து ஆட்கள் அவளை வெளியே இழுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய உள்ளே ஓடியிருந்தார்கள். அவன் மேலே வந்தபோது தரையில் அவள் மட்டும்தான் கிடந்தாள். சுற்றிலும் பற்கள்.

அவன் பானலைத் திறந்தான். வயரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டான். பானலைச் சாத்தினான். பிறகு மண்டியிட்டு, தன் பெல்ட்டைக் கழற்றி, அவளுடைய தொடையில் இறுக்கிக் கட்டினான்.

நான்கு விநாடி இருக்கலாம். ஐந்து விநாடியாகவும் இருக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெல்ட் கட்டியிருக்காவிட்டால் உயிரே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். விசாரணைக்கு வந்தவர்கள் லிஃப்ட் குழியில் எலி கடித்த வயர் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அறிக்கையில் எலி என்று எழுதினார்கள். நிறுவனம் அவனுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. மனைவி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அன்றிலிருந்து அவன் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான்.

இதுதான் அவனுக்கு இருந்த பிரச்சினை. ஜம்பரை மறந்தது தப்பு. யாருக்கும் நடக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், பாதி நாட்களில் அதை நம்பவும் முடிந்தது. ஆனால் செய்த வரிசைக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. வயர் முதலில், பெல்ட் பிறகு.

சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். அவள் தனியாக இருந்தாள். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் முன்பே இறந்துவிட்டார். முதல் சனிக்கிழமை வாசற்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுத்தான். இரண்டாவது சனிக்கிழமை குளியலறையில் கைப்பிடிக் கம்பி. செயற்கைக் கால் வந்த பிறகும் நிற்கவில்லை. குழாய், ஃபேன், ஜன்னல் கொக்கி, மிக்ஸி, கீசர். அந்த வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே இருந்தது. பதினோரு வருடம்.

அவள் வீட்டிலேயே வேலை பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதில் மெழுகு, சிறிய கத்திகள், ஸ்பிரிட் விளக்கு, பற்களின் நிறம் பார்க்கிற அட்டை. பதினாறு வெள்ளைகள். "பல்லுல வெள்ளைன்னு ஒரு நிறமே கிடையாது மெக்கானிக். எல்லாம் அழுக்கோட வகைதான்" என்பாள். அவனை அவள் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவாள். அவன் அக்கா என்பான். அவன் வீட்டில் அவளுக்குப் பெயர் பல்லக்கா.

"பல்லக்கா வீட்டுக் குழாய்க்கு டாக்டரே நேர்ல போறாரு. நம்ம வீட்டு ஃபேன் ரெண்டு வருஷமா முக்கிக்கிட்டுக் கிடக்கு" என்பாள் மனைவி. ஆனால் அக்கம்பக்கத்தில் பேசும்போது அவள் குரல் வேறாக இருக்கும். "எங்க வீட்டுக்காரருக்கு இளகின மனசு. கூடப் பொறந்த அக்காவுக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க." அது அடுத்த அறையில் அவன் காதில் விழும். எழுந்து போய் எதையாவது துடைப்பான்.

அக்காவுக்கு எலியின் மேல் ஒரு அக்கறை. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். "நம்ம எலி எப்படி இருக்கு?"

"எந்த எலி அக்கா?"

"என் காலைச் சாப்பிட்ட எலிதான். பாவம், அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரா தீர்ப்பு எழுதிட்டாங்க."

அவன் ஸ்குரூவை இன்னும் ஒரு சுற்று முறுக்குவான். சில சமயம் மரை கழன்றுவிடும்.

அவள் கிறிஸ்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், ஜெபம் செய்வாள், மற்றபடி மதம் பேசுகிறவள் இல்லை. அவன்தான் கேட்பான். அந்த வருடங்களில் அவன் பல இடங்களுக்குப் போயிருந்தான். எந்தத் தெருவில் எந்த வழிபாட்டு இடம் திறந்திருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் நிற்பான். நோன்பு இருந்தான். இறைச்சியை விட்டான். ஒரு வருடம் தரையில் படுத்தான், முதுகுவலிதான் மிச்சம். எல்லா இடத்திலும் ஒரே ஒரு கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டான். எவ்வளவு செய்தால் போதும்?

அவளிடமும் கேட்டான், கீசரின் மூடியைக் கழற்றிக்கொண்டே, யாருக்காகவோ கேட்பதுபோல. "உங்க மதத்துல ரட்சிப்புன்னு சொல்றாங்களே அக்கா. அதுக்கு ஒருத்தன் என்னென்ன பண்ணணும்?"

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

சொன்னான்.

"அதேதான்."

"புரியல."

"உள்ள இருக்கிறவன் குதிச்சா பெட்டி மேல போகுமா? நல்லவனா இருந்தா? உள்ளயே பெருக்கித் துடைச்சு, கண்ணாடியெல்லாம் பளபளன்னு வெச்சிருந்தா?"

அவன் சிரித்துவிட்டான்.

"வெளியில இருந்து ஒருத்தர் வரணும். வந்தாருங்கறதுதான் எங்க மதம். மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னாடி வர்றது."

"அப்போ மாட்டினவன் ஒண்ணுமே செய்ய வேணாமா?"

"போனை எடுத்து, மாட்டிக்கிட்டேன்னு சொல்லணும்ல" என்றாள். "அதுதான் பல பேருக்குக் கஷ்டம். நானே வந்திருப்பேன்னு சொன்னாரே உங்க ஜிம்காரர், அவரை மாதிரி."

அவன் மூடியைப் பொருத்தினான். அன்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "தண்ணி இனிமே நல்லா சுடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பதினோராவது வருடம் ஒரு சனிக்கிழமை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, வழக்கம்போல நின்றபடியே, "என்ன அக்கா, இன்னைக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றான்.

அவள் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் பதித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அடுத்த வாரத்துல இருந்து பை இல்லாம வாங்க."

"பை இல்லாம எப்படி?"

"கையை வீசிக்கிட்டு. மனுஷங்க மனுஷங்க வீட்டுக்கு வர்ற மாதிரி."

"ஏதாவது ரிப்பேர்னா?"

"ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டுக்கறேன். நீங்க வர்றதா இருந்தா சும்மா வாங்க. பையோட வந்தா கதவைத் திறக்க மாட்டேன்." பிறகு தலையை நிமிர்த்தினாள். "கோபம் இல்ல மெக்கானிக். ஆனா நிஜமாத்தான் சொல்றேன்."

அந்த வாரம் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஒரு மருத்துவமனை லிஃப்டில் ஜம்பர்களை நான்கு முறை எண்ணினான். பை இல்லாமல் அந்த வீட்டில் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று நினைத்துப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போகாமலே விட்டுவிடலாம். ஆனால் போகாவிட்டால் சனிக்கிழமைகள் எதற்காக என்று ஆகிவிடும். பதினோரு வருடச் சனிக்கிழமைகளும் காற்றோடு போய்விடும். போனால் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை போகும், உரிமம் போகும், சுவரிலிருந்து அந்தச் சட்டம் இறங்கும். அவளுடைய முகமும் மாறும். இந்தக் கடைசி ஒன்றைத்தான் அவனால் யோசிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பையைத் தூக்கினான், வைத்தான், தூக்கினான். மனைவி கதவருகில் நின்று பார்த்தாள்.

"என்ன, பை கடிக்குதா?"

"இன்னைக்குப் பை வேணாமாம்."

"அப்பாடா. அங்க இனிமே கெட்டுப்போக ஒண்ணும் இல்ல போல. திரும்பி வந்ததும் நம்ம ஃபேனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரவா?"

ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கினான். அடியில், பழைய துணியில் சுற்றி, பதினோரு வருடமாக அந்த வயர் இருந்தது. ஸ்கூட்டர்கள் இரண்டு மாறிவிட்டன. வயர் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கூடவே வந்திருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கதவைத் திறந்ததும் அவள் முதலில் அவனுடைய கைகளைப் பார்த்தாள். "வாங்க" என்றாள்.

உட்கார்ந்தான். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது வாஷர் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஐந்து நிமிட வேலை. அவன் பார்வை அந்தப் பக்கம் போவதை அவள் கவனித்தாள்.

"இருக்கட்டும். இன்னைக்கு ஒழுகட்டும்." இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். செயற்கைக் காலில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிறிய கிளிக் கேட்கும். அதற்கும் ஒரு துளி எண்ணெய் வேண்டும்.

அவன் வயரை எடுத்து மேஜைமேல் வைத்தான். மெழுகுத் துண்டுகளுக்கும் பற்களுக்கும் நடுவில் அது மிகவும் சிவப்பாக இருந்தது.

"எலி இல்ல அக்கா" என்றான். "நான்தான். எண்ணாம போயிட்டேன். திரும்பி வந்தேன். வந்து..." நின்றுவிட்டான்.

அவள் காத்திருந்தாள்.

"உங்களைப் பார்த்தேன். பார்த்துட்டும் முதல்ல இதைத்தான் எடுத்தேன். அப்புறம்தான் பெல்ட்டு."

"ஆமா" என்றாள் அவள். "வயர் முதல்ல, பெல்ட்டு ரெண்டாவது. பார்த்துக்கிட்டுத்தானே கிடந்தேன்."

குழாய் சொட்டுவது கேட்டது. அவன் அவளையே பார்த்தான்.

"தெரியுமா?"

"கால்தான் போச்சு. கண் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"முதல்ல சொல்றதாத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததும் விசாரிக்க வர்றாங்கன்னாங்க, நாக்கு நுனியில வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க ஒரு சிமென்ட் மூட்டையோட வந்து நின்னீங்க. முகத்தைப் பார்த்தேன். சரி, இவனைச் சொல்லி முடிச்சிட்டா இவன் தப்பிச்சிடுவான், இப்படியே இருக்கட்டும்னு விட்டேன்."

"விட்டீங்கன்னா?"

"மன்னிச்சு விடல. மாட்ட விட்டேன்." அவள் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "இப்ப நான் சொல்றேன், கேளுங்க. இந்த வீட்டுல குழாய் கெட்டதெல்லாம் தானா கெட்டது இல்ல."

அவனுக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்லு இழைக்கிற கத்தியை எடுத்துக்கிட்டுப் போய் வாஷரைக் கீறிவிடுவேன். நீங்க சனிக்கிழமை வந்து குனிஞ்சு உட்கார்ந்து மாத்துவீங்க. நான் இங்க உட்கார்ந்து உங்க முதுகைப் பார்ப்பேன். அது ஒரு ருசி மெக்கானிக். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஜன்னல் கொக்கி?"

"நான்தான்."

"மிக்ஸி?"

"மிக்ஸியில பிளாஸ்டர் போட்டு அரைச்சேன்."

"கீசர்?"

"கீசர் தானா போச்சு. அது மேல ஆணை."

அவன் எழுந்துவிட்டான். "பதினோரு வருஷம் அக்கா. எத்தனை தடவை என் வீட்டுல சண்டை. பொண்டாட்டியோட ஒரு சனிக்கிழமை வெளிய போனதில்ல. உங்களுக்கு வேடிக்கையா இருந்திருக்கு!"

"ஆமா. கத்துங்க. நியாயம்தான்."

கதவுவரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். அந்தக் கைப்பிடியும் அவன் மாற்றியதுதான், இரண்டு முறை. அதைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ தளர்ந்தது. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, முழுவதும் சிரிப்பும் இல்லை. "இதுவுமா?" என்றான்.

"ஒரு தடவை நான். இன்னொண்ணு மட்டமான சாமான். நீங்க ஏமாந்துட்டீங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"போன மாசம்" என்றாள் அவள், "கோயில்ல எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்றோம். நாங்க மத்தவங்களை மன்னிக்கற மாதிரி எங்களையும் மன்னியும்னு கேக்குற வரி வந்துச்சு. எனக்கு வாய் நின்னுடுச்சு. சின்ன வயசுல இருந்து சொல்ற ஜெபம். பக்கத்துல இருந்தவங்க உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. எனக்குக் கால் போனதுக்கு நான் பொறுப்பில்ல. ஆனா ஒரு மனுஷனைப் பதினோரு வருஷம் பெட்டிக்குள்ள வெச்சிருந்ததுக்கு நான்தான் பொறுப்பு. அப்பதான் தெரிஞ்சுது, உங்களை உள்ள பூட்டிட்டு நான் வெளிய சுதந்திரமா இல்ல, நானும் உள்ளதான் இருந்திருக்கேன்னு. ஒரே பெட்டி. நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை."

அவன் மேஜைமேல் கிடந்த வயரை ஓரமாக நகர்த்தினான்.

"அதனால உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். என் பக்கம் உள்ளதை நான் விட்டாச்சு. அந்த நாலு விநாடியையும் சேர்த்துத்தான். நீங்க இன்னைக்குச் சொன்னதுக்காக இல்ல. போன மாசமே விட்டாச்சு. நீங்க சொல்லாமலே இருந்திருந்தாலும் விட்டதுதான். ஆனா அது உங்க கைக்கு வந்திருக்காது."

"விட்டாச்சுன்னா, கால்?"

"கால் வராது." முழங்காலுக்குக் கீழே தட்டினாள். பிளாஸ்டிக் ஒலித்தது. "மன்னிச்சிட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஆயிடும்னு நினைக்கறாங்க. அப்படியில்ல. நடந்தது நடந்ததுதான். அதை யாராவது ஒருத்தர் தூக்கித்தான் ஆகணும். உங்க தலையில வெச்சேன் இவ்வளவு நாளா. இனிமே நான் நொண்டிக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"சாமி மன்னிக்கறதும் அதேதானா?"

"எனக்குத் தெரிஞ்சு அதேதான். எனக்குப் பெரிசா வேதம் தெரியாது. சும்மா போனா போகுதுன்னு விட்டா அது பொய்யாயிடும். என் கால் போனது அவருக்கு ஒரு விஷயமே இல்லன்னு ஆயிடும். விடாம பிடிச்சா நீங்களும் காலி, நானும் காலி. அதனால அந்தப் பாரத்தை அவரே எடுத்துக்கிட்டாரு. மேல நின்னு ஏறி வான்னு கூப்பிடல. இறங்கி உள்ள வந்து, நாம வாங்க வேண்டிய அடியை வாங்கினாரு. சிலுவைன்னா அதுதான். செத்தாரு. ஆனா சாவால அவரை உள்ள வெச்சிருக்க முடியல, எழுந்தாரு. அவர் நம்மளைப் பிடிச்சிருக்கிறதால நாமும் வெளிய வரலாம். இதை நம்பறேன். நம்பிக்கிட்டே கத்தியால வாஷரும் கீறியிருக்கேன், பாருங்க."

"அக்கா, நீங்க மன்னிச்சதோட முடிஞ்சுதா?"

"நான் மன்னிக்கறது என் கால் அளவுக்குத்தான் மெக்கானிக். அந்த வயரைப் பிடுங்கின ஆளை உள்ளுக்குள்ள மாத்த எனக்குத் தெரியாது. அது என் கையில இல்ல. ஆணி அடிச்ச கை ஒண்ணு இருக்கு, அங்க கேளுங்க."

"கேட்டா? அதுக்கு நான் திருப்பி என்ன..."

"பையைத் தேடாதீங்க."

அவன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் மேஜைமேல் திறந்து கிடந்தன. கிரீஸ் நகக்கண்ணில் போகாமல் நின்றிருந்தது.

"அப்போ தப்புப் பண்ணிட்டு எல்லாரும் சும்மா இருக்கலாமே" என்றான். வாதம் செய்வதற்காக இல்லை. அந்தக் கேள்வி பல வருடமாக உள்ளே கிடந்தது.

"சும்மா இருக்க முடியுதான்னு பாருங்க. காப்பாத்தி வெளிய எடுத்தப்புறம் ஒருத்தன் திரும்பப் போய் லிஃப்டுக்குள்ளயா உட்காருவான்? வேலை இருக்கு, நிறைய இருக்கு. ஆனா வெளிய வர்றதுக்காகச் செய்யற வேலை வேற, வெளிய வந்தவன் செய்யற வேலை வேற. முதல் வகை உங்க முதுகை ஒடிச்சிடுச்சு." டம்ளரைக் காட்டினாள். "டீ ஆறுது. குடிங்க."

பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் அவன் உட்கார்ந்து குடித்த முதல் டீ. ஆறிப்போயிருந்தது, சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தான். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு முறை எழப்பார்த்தான். அவள் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "நானும் விட்டாச்சு அக்கா. மிக்ஸி உள்பட" என்றான்.

"மிக்ஸி பெரிய விஷயம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை வயரை எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அதிகாரி வயரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பழைய கோப்பைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆகும் என்றார். "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டார். "எலின்னு எழுதியிருக்கிறதை மாத்தணும்" என்றான் அவன். அவர் நீண்ட நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்தது. அக்காவை அழைத்துக் கேட்டார்கள். பார்த்ததை அப்படியே சொன்னாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவன்மேல் நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை. உரிமம் போனது. இப்போது வேறொரு மெக்கானிக் கையெழுத்துப் போட, அவனுக்குக் கீழே வடங்களுக்கு எண்ணெய் விடுகிறான். மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசும் வேலை மட்டும் அவனிடமே இருக்கிறது. அதே மூன்று வாக்கியங்கள்தான். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை.

அதிகாரியைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். வயர், பெல்ட், எலி, மிக்ஸி. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். எழுந்து போய்ச் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினாள். கடிதத்தை உருவி அவனிடம் கொடுத்துவிட்டு, வெறும் சட்டத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

அவன் கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தான்.

"என்னைப் போய் ஊரெல்லாம் இளகின மனசு, இளகின மனசுன்னு பேச விட்டுட்டு." குரல் உடைந்தது. அழுதாள், அவன் பக்கம் திரும்பாமல். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டான், அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து. தலைக்கு மேல் ஃபேன் முக்கிக்கொண்டு சுற்றியது. சாப்பிட்டு முடித்ததும் பையை எடுத்து வந்தான். ஸ்டூலின்மேல் ஏறி நின்று, "சுவிட்சை அணை" என்றான்.

அவள் அணைத்தாள். இறக்கைகள் நிற்கும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.